நான் பொறுக்கி எடுத்த இரட்டைக்குழல்

துப்பாக்கி வாங்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் பாகூர் ஏரியில், மார்பளவு தண்ணீரில் நிற்கும்போது வந்தது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயசு. குருவிநத்தத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ஆற்றோரம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற புஞ்சையும் இருந்தது. யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டிய நிலைமை இல்லை. ஆனாலும் மார்கழியில் ஏரியில் தாரா என்கிற காட்டு வாத்து இறங்குகிற சமயம், எங்கள் பக்கத்துப் பெரிய மிராசுதார் ஆள் அனுப்பினால் போய்த்தான் ஆக வேண்டும். வாய்க்கால் தண்ணீர் அவர் நிலத்தைத் தாண்டித்தான் எங்கள் நிலத்துக்கு வரும்.

அவருடைய விருந்தாளிகளாகப் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் சுட வருவார்கள். அவர்கள் கரையில் நின்று சுடுவார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீரில் இறங்கி, விழுந்த பறவைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து போட வேண்டும். அன்றைக்கு ஒரு தாரா இறக்கை மட்டும் முறிந்து விழுந்தது. உயிரோடு கோரைக்குள் நீந்தி ஓடியது. அதைச் சுட்ட துரை என்னைப் பார்த்துச் சீட்டி அடித்தார். அடித்துவிட்டு அது போன திசையை விரலால் காட்டினார். அவருடைய நாய்க்கும் அதே சீட்டிதான் அடிப்பார். அன்றைக்கு நாய்க்குக் காய்ச்சல் என்று வண்டியில் படுக்கப் போட்டிருந்தார்கள். மிராசுதார் சிரித்தார். நான் போய்ப் பறவையைப் பிடித்துக் கழுத்தைத் திருகிக் கொண்டுவந்து போட்டேன்.

கரையேறித் தொடையில் ஒட்டியிருந்த அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, புளியமரத்தில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்தேன். நாலு துப்பாக்கி. நாலும் இரட்டைக்குழல். அன்றைக்கு என் மனசில் விழுந்தது அதுதான். துப்பாக்கி என்றால் இரட்டைக்குழல்.

இதை முதலில் சொன்னது என் தங்கை புருஷனிடம். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு. தங்கையைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்பே அவன் எனக்குச் சிநேகிதன். பாகூரில் ஏரிக்கரையை ஒட்டி அவர்கள் வீடு. அவனுடைய அப்பா கரும்புக் கொல்லைகளுக்குக் காவல் இருந்தவர், கையில் எப்போதும் ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பார். அப்பா செத்த பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஆனால் மருந்து, ரவை, குழல் இதைப் பற்றியெல்லாம் அவனுக்குத் தெரிந்த அளவு எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதும் அவனுக்கு என்னைவிடச் சந்தோஷம். மல்லாட்டைக் கொல்லையில் முயல் இருக்கிறது, அறுவடையான வயலில் காடை இருக்கிறது, ஆற்றங்கரைப் புதரில் கௌதாரி இருக்கிறது, நமக்கு இது போதும் என்றான். தோட்டா போட்டுச் சுடுகிற துப்பாக்கி எங்களுக்கு எட்டாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மேலே மறுபடி நார் வைத்து இடிக்கிற பழைய வகைதான் எங்களுக்கு. அதில் ஒன்று பார்ப்போம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் சுத்துக்கேணியில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கண் மங்கிப்போன ஒரு விவசாயி தன் துப்பாக்கியைக் கொடுத்துவிட நினைத்திருந்தார். ஒற்றைக்குழல். கட்டையில் ஒரு வெடிப்பு விழுந்து, பித்தளைக் கம்பியைச் சுற்றி இறுக்கியிருந்தது. பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதல் வேலையாக, மருந்து இடிக்கிற கோலைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்தான். பிறகு உள்ளே விட்டு அளந்தான். உள்ளே மருந்து எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். கோலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகி எடுத்தான். துணியில் கொஞ்சம் கறுப்பு இருந்தது, துரு இல்லை. சுத்தியல் மாதிரி விழுந்து அடிக்கிற குதிரையைப் பாதி தூக்கி வைத்து விசையை அழுத்தினான். விழவில்லை. அப்படி விழுந்தால் அந்தத் துப்பாக்கி என்றைக்காவது கூட வருகிறவனைச் சுடும் என்றான். பிறகு குழலில் வாயை வைத்து ஊதி, கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை மாட்டுகிற முளையில் என் விரலை வைக்கச் சொன்னான். காற்று சில்லென்று விரலில் பட்டது.

கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை, வைத்த பிறகு கண்ணைத் திற என்றான். வைத்துத் திறந்தேன். முனையில் இருக்கிற குறிமணி நேராகக் கண்ணெதிரே நின்றது. உனக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்றான். அந்த விவசாயி பழைய முறம் ஒன்றைக் கொடுத்தார். பனைமரத்தில் அதை மாட்டி முப்பது தப்படி தள்ளி நின்று சுட்டோம். ரவை முறம் முழுக்க ஒரே சீராக விழுந்திருந்தது. ஒரு காடை உட்கார இடைவெளி இல்லை என்று மாப்பிள்ளை முறத்தை என்னிடம் தூக்கிக் காட்டினான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வில்லியனூரில். சைகோனில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இறந்து போயிருந்தார். அவர் மனைவி துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய கொசுவலைத் துணியைப் பிரித்ததும் நான் மேஜைக்கு அருகே போய்க் குனிந்தேன். இரட்டைக்குழல். குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் மானும் கொடியும் செதுக்கியிருந்தது. கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. புளியமரத்தில் சாத்தியிருந்த துப்பாக்கிகளின் நடுவே இதைச் சாத்தினால் வித்தியாசம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா நேர்மையானவர். கேட்காமலே சொன்னார், தன் வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் வலது குழலில் மட்டும்தான் சுடுவார், இடதைத் தொடமாட்டார், ஏன் என்று தனக்குத் தெரியாது என்று. தெருவுக்குள் சுட்டுப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வழக்கம் போல ஊதிப் பார்த்தான். வலது குழலில் காற்று வந்தது. இடதில் என் விரலுக்கு ஒன்றுமே படவில்லை. இன்னும் கன்னத்தை உப்பி ஊதினான். நூல் மாதிரி ஏதோ வந்தது. உள்ளே அடைப்பு இருக்கிறது, கேப்பு வெடித்தாலும் நெருப்பு ஒருநாள் உள்ளே போகும், ஒருநாள் போகாது என்றான். கொல்லனிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றேன் நான்.

வெளியே வந்து கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். அவன் பொறுமையாகத்தான் பேசினான். இது கனமாக இருக்கிறது, நாள் முழுக்கத் தூக்கினால் தோள் விட்டுப்போகும், சின்ன வேட்டைக்கு இது வேண்டாம் என்றான்.

"ஒத்தக் குழலுக்கு ஒரு ஞாபகம் போதும் மச்சான். ரெட்டைக் குழலுக்கு ரெண்டு வேணும். எதுல மருந்து கீது, எதுல இல்லன்னு எப்பவும் மனசுல வச்சிக்கினு இருக்கணும். உனக்குக் கோவம் வந்தா ஒண்ணுகூட நிக்காது."

"காவக்காரன் கையில ஒத்தக் குழல் இருந்தா அழகுதான்" என்றேன். "உங்க அப்பாவுக்கு அது போதும். எனக்குப் போதாது."

அவன் எழுந்து குளத்தில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்தான். நான் மறு வாரம் போய் இரட்டைக்குழலை எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டு வாங்க, மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தேன். சீட்டைக் கையில் கொடுக்கும்போது, துப்பாக்கியை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று படித்துக் காட்டி எச்சரித்தார்கள். கொல்லன் இடது குழலின் முளையைக் கழற்றிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு என்மேல் மனத்தாங்கல் இருந்தாலும், துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் அவனாகவே வந்தான். கோலில் கத்தியால் இரண்டு வளையம் கீறிக் கொடுத்தான். ஒன்று குழல் காலியாக இருக்கும்போது கோல் நிற்கிற மட்டம். இன்னொன்று ஒரு தடவை மருந்து போட்டிருக்கும்போது நிற்கிற மட்டம். மருந்து இடித்து முடித்த பிறகு இரண்டாவது வளையம் குழலின் வாய்க்கு மேலே தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு மருந்து இருந்திருக்கிறது என்று அர்த்தம், ஒவ்வொரு தடவையும் பார் என்றான். சரி என்றேன். ஒரு வருஷம் பார்க்கவும் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷத்தைக் குறை சொல்ல முடியாது. முயல் அடித்தோம், காடை அடித்தோம். தங்கை அப்போது முழுகாமல் இருந்தாள். காடைக்கறி வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இடது குழல் இரண்டொரு தடவை ஏமாற்றியது. கேப்பு டப்பென்று வெடிக்கும், உள்ளே மருந்து பிடிக்காது. அப்போதெல்லாம் வேறு கேப்பு மாட்டிச் சுட்டுவிடுவேன்.

அடுத்த மார்கழியில் மிராசுதார் வீட்டு ஆள் வந்தான். துப்பாக்கியோடு வரச் சொன்னார் என்றான். நான் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, விடியும்போதே கரைக்குப் போய் நின்றேன். மிராசுதார் துப்பாக்கியை வாங்கி மானையும் கொடியையும் பார்த்தார். கூட இருந்த துரைமாருக்குக் காட்டினார். அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. பழைய சாமான், பார்க்க நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று மிராசுதார் சொன்னார். பிறகு, இதிலிருந்து புகை அதிகம் வரும், ஒரு தடவை சுட்டு மறுபடி மருந்து இடிப்பதற்குள் பறவையெல்லாம் கடலூருக்குப் போய்விடும், அதனால் இதை வண்டியில் வைத்துவிட்டு நீ தண்ணீரில் இறங்கு, ஆள் குறைவாக இருக்கிறது என்றார்.

நான் இறங்கினேன். இறங்காமல் வந்திருக்கலாம். வாய்க்கால் தண்ணீரை நினைத்தேன், இறங்கினேன். வெளுத்த வேட்டியோடு மத்தியானம் வரை பறவை பொறுக்கிப் போட்டேன். தண்ணீரில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் நான் எதற்காக வந்தேன் என்று தெரியும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் பாகூருக்குப் போய் மாப்பிள்ளையை எழுப்பினேன். ஏரியின் மறுகோடிக்குப் போய் நாமே சுடுவோம் வா என்றேன். முந்தின நாள் நடந்தது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இன்றைக்கு வேண்டாம் மச்சான், உன் மனசு சரியில்லை, பொங்கல் கழித்துப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தான். நீ வரவில்லையென்றால் நான் தனியாகப் போகிறேன் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

பனி விலகுகிற நேரம். நாமக்கோழி என்கிற நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கரையோரமாகவே மேய்ந்துகொண்டிருந்தன. நான் இரண்டு விசையையும் அடுத்தடுத்து இழுத்தேன். பெரிய சத்தம், ஒரே புகை. நாலைந்து விழுந்தன. இரண்டு குழலும் வெடித்ததாக நினைத்தேன். வெடித்தது வலது மட்டும். இடதில் கேப்பு மட்டும் வெடித்து மருந்து பிடிக்காமல் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை விழுந்த பறவைகளை எடுக்கத் தண்ணீரில் இறங்கிப் போனான். பறந்த கூட்டம் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் அவசர அவசரமாக இரண்டு குழலிலும் மருந்து கொட்டி இடித்தேன்.

இடது குழலில் கோலை விட்டபோது அது உயரமாக நின்றது. இரண்டாவது வளையம் வாய்க்கு மேலே நன்றாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். நார் அதிகமாகப் போய்விட்டது என்று நினைத்து, அல்லது நினைத்ததாக வைத்துக்கொண்டு, இன்னும் நாலு இடி இடித்துவிட்டுப் புதுக் கேப்பு மாட்டினேன்.

மாப்பிள்ளை கையில் பறவைகளோடு கரையேறி வந்தான். கூட்டம் மறுபடி தண்ணீரில் உட்கார்ந்தது. இந்தத் தடவை நீ சுடு என்று துப்பாக்கியை அவனிடம் நீட்டினேன். அதுவரை ஒரு தடவைகூட அவன் கையில் சுடக் கொடுத்தவன் இல்லை. அன்றைக்கு மட்டும் ஏன் கொடுத்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வில்லியனூரில் பேசியதற்குச் சமாதானமாகக் கொடுத்தேன் என்று ஒரு சமயம் தோன்றும். அந்த உயரமாக நின்ற கோல் உள்ளுக்குள் உறுத்தித்தான் கை மாற்றிவிட்டேனோ என்று இன்னொரு சமயம் தோன்றும். எனக்குத் தெரியவில்லை. அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். ரெண்டுலயும் போட்டுட்டியா என்று கேட்டான். போட்டாச்சு என்றேன்.

வலது வெடித்தது. உடனே இடதை இழுத்தான். அது துப்பாக்கிச் சத்தம் மாதிரி இல்லை. புகை விலகியபோது அவன் மண்டி போட்டிருந்தான். குழல் வாழைமட்டை மாதிரி பிளந்து சேற்றில் கிடந்தது. குழலைத் தாங்கியிருந்த இடது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இல்லை. இடது கண்ணிலிருந்து ரத்தம் வழிந்தது. அவன் கத்தவில்லை. என் துண்டைக் கொடு என்றான். அவன் துண்டு அவன் தோளிலேயே இருந்தது.

மாட்டு வண்டியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையைக் காப்பாற்றினார்கள், விரல்களும் கண்ணும் போயின. துப்பாக்கி விபத்து என்பதால் மூன்றாம் நாள் போலீஸ் அதிகாரி விசாரிக்க வந்தார். மாப்பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே என்னை நிற்க வைத்துக் கேட்டார். சீட்டு யார் பேரில், துப்பாக்கி இவர் கைக்கு எப்படிப் போனது, மருந்து போட்டது யார் என்றார். மேரியில் படித்துக் காட்டியது என் காதில் கேட்டது. நிலம் போகும், ஜெயில் கிடைக்கும் என்று என்னென்னவோ நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் வூட்டுல இல்லாத நேரத்துல எடுத்துக்கினு போய்ட்டான்" என்றேன்.

அதிகாரி கட்டில் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். மாப்பிள்ளை மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"ஆமாங்க. நானே எடுத்தேன். மருந்தும் நான்தான் போட்டேன்" என்றான்.

அதை எழுதிக்கொண்டார்கள். எழுதிய ஆள் வழக்கப்படி இடது கட்டைவிரலைக் காட்டு என்றான். சொன்ன பிறகுதான் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். வலது விரலில் மையைத் தடவி ரேகை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக வைக்கவில்லை என்று சீட்டை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் பேர்தான் கெட்டது. மச்சான் வீட்டுத் துப்பாக்கியைத் திருடிக்கொண்டு போனவன், ஆண்டவன் கையிலேயே கூலி கொடுத்தான் என்று கடைத்தெருவில் பேசினார்கள். முன்பெல்லாம் கொல்லை அறுவடைக்கு அவனை நம்பிக் கணக்குப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஏர்மேழியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. கயிறு திரிக்கக் கால் விரலைப் பயன்படுத்துவான்.

தங்கை என்னிடம் வந்தாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பிறந்து மூன்று மாசமான குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்று அழுதாள். என் புருஷன் செய்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே, உன்னைக் கேட்காமல் உன் பொருளைத் தொட்டது தப்புதான், எனக்காக மன்னித்துவிடு என்றாள். எழுந்து நின்று உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் அவள் தலையைத் தடவி, சரி, போவுது விடு என்றேன். மன்னித்தேன்.

அதன்பிறகு அவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். புருஷனைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். அன்றைக்கு அந்த ஆள் கையை அடக்கியிருந்தால் எங்கள் பிழைப்பு இப்படி ஆகியிருக்குமா என்பாள். அவனை அவன் வீட்டிலேயே அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொல்லமாட்டான். நான் போனால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவான். அது வெட்கம் என்று தங்கை நினைத்தாள்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சமயம், எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டேன் என்று வீட்டில் அழுதுவிட்டார்கள். படுத்துக்கிடந்த அந்த இருபது நாளும் வேறு நினைப்பில்லை. பிழைத்து எழுந்தால் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து நடக்க முடிந்ததும் பாகூருக்குப் போனேன்.

அவன் கொட்டகையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்தான். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடது குழல் வெடிக்காததைச் சொன்னேன், கோல் உயரமாக நின்றதைச் சொன்னேன், நான் பார்த்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதற்கு அவன் காலில் விழக் குனிந்தேன். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். வாசலில் செம்பு விழுகிற சத்தம் கேட்டது. எனக்குக் குடிக்க மோர் கொண்டுவந்த தங்கை அங்கே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. புருஷனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொட்டிய மோரைக் கோழிகள் வந்து கொத்தின.

மாப்பிள்ளை கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசினான்.

"கொழல் பொளந்த விதத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். ரெண்டு வாட்டி மருந்து போட்டாத்தான் அப்படிப் பொளக்கும். உனக்கோசரம் நான் வாயை மூடிக்கினு இல்ல. அவளுக்கு ஆத்தா அப்பன் இல்ல, அண்ணன்னு ஒருத்தனாவது இருக்கட்டும்னு இருந்தேன். இன்னிக்கு இத்தச் சொல்லி இன்னா கொண்டாந்த நீ? உன் பாரத்த எறக்கி வைக்க வந்துட்ட. அவ தலையில வச்சிட்ட."

போய்ட்டு வா மச்சான் என்றான். மச்சான் என்றுதான் சொன்னான். அதில் கோபம்கூட இல்லை.

தங்கை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்குச் சேலை கொடுத்து அனுப்பினேன், பிரிக்காமல் திரும்பி வந்தது. அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அவனை எட்டு வருஷம் பேசிய பேச்சையெல்லாம் நினைத்து நினைத்து அழுது ஆளே இளைத்துப்போய்விட்டாள் என்று அவர்கள் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் என் மனைவியிடம் சொன்னாள். சந்தையில் ஒருநாள் தூரத்தில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தலைச்சுமையைச் சரி செய்துகொண்டு வேறு பக்கமாக நடந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து என் மூத்த மகள் பெரியவளானாள். எங்கள் வழக்கத்தில் முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும். என் மனைவி வெற்றிலை பாக்கோடு தானே பாகூருக்குப் போய் அழைத்துவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல என்றாள்.

அன்றைக்கு அவன் மட்டும் தனியாக வந்தான். புதுத் துண்டு போட்டுக்கொண்டு, தட்டில் பாவாடைத் துணியும் மஞ்சளும் பூவும் வைத்து, இரண்டு விரலாலும் வலது கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் மகள் எதிரே வைத்தான். தெருவில் ஒன்றுவிட்ட உறவுக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். அவன் பந்தியில் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவப் போனபோது நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தண்ணீர் ஊற்றினேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

நல்லா இருக்குறா என்றான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிமாடு காலையிலிருந்து நிற்கிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டான்.